1920: மதுரைக் குழந்தைகளுக்கு இரண்டு சட்டங்கள்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் விடியக்காலை, பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் மஞ்சப்பையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். செல்லூரில் தறிச் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும் என்று சொல்வோம், அப்படிப்பட்ட தெரு அவருடையது. அவர் மகன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு தறிக்கூடத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தான். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பெரிய பையன்களோடு அவனையும் போலீஸ் கூட்டிப் போய்விட்டது. செல்போன் பறித்ததாகப் புகார்.

"தம்பி, நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவுக. அவன் சின்னப் பயன்னு சொன்னா ஏட்டையா நம்ப மாட்டேங்குறாரு. ஆளு வளத்தியா இருக்கான்ல, பத்தொம்பதுன்னு எழுதிட்டாக" என்றார்.

பையில் என்ன என்று கேட்டேன். ரேஷன் கார்டு, அவன் அப்பாவின் இறப்புச் சான்றிதழ், மூன்றாக மடித்து பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த பள்ளிக்கூட டி.சி. அதில் அவன் பிறந்த தேதி இருந்தது. கணக்குப் போட்டேன். பதினாறு வயசும் நாலு மாசமும்.

பதினாறா பத்தொன்பதா என்ற அந்த ஒற்றை எண்ணில்தான் எல்லாமே இருந்தது. பத்தொன்பது என்றால் மற்ற இருவரோடு சேர்த்து ரிமாண்ட், மதுரை மத்திய சிறை. பதினாறு என்றால் இளைஞர் நீதிக் குழுமம், கூர்நோக்கு இல்லம். ஒரே தெரு, ஒரே புகார், ஒரே ராத்திரி. ஆனால் வயதை எழுதுகிற கை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் பையனின் வாழ்க்கையும் போகும்.

அந்தக் காலை முடிந்து வெகு நாள் வரை ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒருவன் குழந்தையா இல்லையா என்று முடிவு செய்கிற அதிகாரம் நம் ஊரில் எப்போது, யார் கைக்கு வந்தது? அதைத் தேடிப் போனபோது சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. மகன் கதை என்னாயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிரம்பும் பள்ளியும்

குழந்தைகளுக்குத் தனி நீதி என்பது நம்மூரில் பழைய சமாச்சாரம் இல்லை. 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் 7 வயதுக்குக் கீழே இருப்பவர் செய்வது குற்றமே ஆகாது என்றது. 7 முதல் 12 வரை, தான் செய்வதன் விளைவைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இல்லை என்று தெரிந்தால் குற்றமில்லை என்றது. அதற்கு மேல் போனால் பெரியவர்களுக்குள்ள அதே சட்டம்தான். சின்னவர்களுக்குச் சலுகை என்று எதாவது இருந்தது என்றால் அது பிரம்படி. 1864-ன் சவுக்கடிச் சட்டம், சிறுவர்களுக்குச் சிறைக்குப் பதிலாக அடி கொடுக்கலாம் என்றது. இந்தச் சட்டத்தின் வாரிசு 1955-ல்தான் ஒழிந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அடுத்து வந்தது சீர்திருத்தப் பள்ளி. 1876-ல் ஒரு சட்டம், அதைத் திருத்தி 1897-ல் இன்னொன்று. 15 வயதுக்குக் கீழான பையன்களை ஜெயிலுக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பலாம். சென்னை மாகாணத்தில் இதற்குப் பேர்போன இடம் செங்கல்பட்டு. இன்றும் நம் பக்கத்துப் பெரியவர்கள் அடங்காத பையனை மிரட்டும்போது "உன்னைய செங்கல்பட்டுக்கு அனுப்பிருவேன்" என்பார்கள். ஊர்ப் பெயரே தண்டனையின் பெயராகிவிட்டது.

கேட்க நல்ல ஏற்பாடு மாதிரி இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்தப் பள்ளிக்கு அனுப்பினால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம். அதே சின்னத் திருட்டுக்குப் பெரியவன் ஒருவன் சில வாரமோ சில மாதமோ சிறையிலிருந்து வெளியே வந்துவிடுவான். பையன் மட்டும் வருஷக்கணக்கில் உள்ளே. காரணம் கேட்டால், இது தண்டனை இல்லையே, அவன் நல்லதுக்குத்தானே என்பார்கள். 'உன் நல்லதுக்குத்தான்' என்கிற இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வையுங்கள். இந்த வரலாறு முழுக்க அது வேறு வேறு வேஷத்தில் வரும்.

முன்னோடிச் சட்டம்

1919-20-ல் இந்தியச் சிறைகளை ஆராய ஒரு குழு போடப்பட்டது. தலைவர் சர் அலெக்சாண்டர் கார்டியூ, சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த சிவில் அதிகாரி. சிறுவர்களைச் சிறைக்குள் வைப்பதே தப்பு, அவர்களுக்குத் தனி விசாரணை வேண்டும், தனி இடம் வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது.

அதே 1920-ல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவில் இந்த வகைச் சட்டத்தில் இதுதான் முதல். வங்காளத்துக்கு 1922-லும் பம்பாய்க்கு 1924-லும்தான் வந்தது. இங்கிலாந்தின் 1908-ம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தை முன்மாதிரியாக வைத்து எழுதியது. 1899-ல் சிகாகோவில் உலகின் முதல் சிறார் நீதிமன்றம் திறந்தபோது எழுந்த அலை 20 வருஷத்தில் நம் கரைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம்.

அந்தச் சட்டத்தின் மையத்தில் ஒரு நல்ல யோசனை இருந்தது. தப்பு செய்த பிள்ளையையும் ஆதரவில்லாத பிள்ளையையும் ஒரே கண்ணால் பார்ப்பது. 14 வயதுக்குக் கீழே இருப்பவன் குழந்தை. அவன் வழக்கைப் பெரியவர்களின் வழக்கோடு சேர்க்காமல் தனியாக நடத்த வேண்டும். சிறையைத் தவிர வேறு வழி பார்க்க வேண்டும். எச்சரித்து அனுப்பலாம், பெற்றோரிடம் ஒப்படைக்கலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம், பள்ளிக்கு அனுப்பலாம். தமிழ்நாட்டில் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றைக்கும் 'நாம்தான் முன்னோடி' என்று பெருமையாக எழுதும் சட்டம் இது. பெருமைப்படுவதில் தப்பில்லை.

ஆனால் அதே 1920-ல் மதுரைச் சீமையில் இன்னொன்றும் நடந்தது.

ரேகைச் சட்டம்

செல்லூரிலிருந்து வைகையைத் தாண்டி மேற்கே உசிலம்பட்டி ரோட்டில் போனால், அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்றும் 'ரேகைச் சட்டம்' என்று பேசக் கேட்கலாம். அரசு ஆவணத்தில் அதற்குப் பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-ல் வடக்கே தொடங்கி, 1911-ல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஒரு சாதியை, ஓர் ஊரையே 'குற்றப் பழங்குடி' என்று அறிவித்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு தனி ஆள் குற்றம் செய்தானா என்ற கேள்வியே இல்லை. பேரைப் பதிய வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், ஊரை விட்டுப் போனால் சீட்டு வாங்க வேண்டும்.

மதுரை மாவட்டத்தில் 1914-ல் கீழக்குயில்குடிக் கள்ளர்களில் தொடங்கி, சில வருஷங்களில் பிறமலைக் கள்ளர் ஊர்கள் பலவற்றுக்கும் இது வந்தது. ராத்திரி வீட்டில் படுக்கக் கூடாது, கச்சேரியிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும் என்ற நிலை. கல்யாணமான புதுசில் மாப்பிள்ளை ராத்திரி ஸ்டேஷன் திண்ணையில் படுத்துக் கிடந்த கதைகளை அங்கே பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1920 ஏப்ரல் 3. பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அதில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலத்துக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். இந்த மக்களுக்காகக் கோர்ட்டிலும் எழுத்திலும் போராடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று கூப்பிட்டார்கள். யானைக்கல்லில் அவர் சிலையைத் தாண்டித்தான் செல்லூர்க்காரர்களாகிய நாங்கள் டவுனுக்குள் போகிறோம். சிலை யாருடையது என்று எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

பெருங்காமநல்லூரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அந்தச் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவைப் பற்றி. அது குழந்தைகளைப் பற்றியது. குற்றப் பழங்குடி என்று அறிவிக்கப்பட்டவர்களின் குழந்தைகளை அப்பா அம்மாவிடமிருந்து பிரித்து, தொழிற்பள்ளியிலோ விவசாயப் பள்ளியிலோ சீர்திருத்தப் பள்ளியிலோ வைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது அந்தப் பிரிவு. அந்தக் குழந்தை எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. பிறந்ததே போதும்.

சரி, இந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் யார்? 6 வயதுக்கு மேல் 18 வயதுக்குக் கீழே இருப்பவர் எல்லாம்.

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டு வெளியே ஒரு நடை போய் வந்தேன். 1920-ன் குழந்தைகள் சட்டத்தில், சிறையிலிருந்து காப்பாற்ற வேண்டிய 'குழந்தை' 14 வயதோடு முடிந்துவிடுகிறான். அதே மாகாணத்தில், அதே வருஷத்தில் அமலில் இருந்த ரேகைச் சட்டத்தில் 'குழந்தை' 18 வரை நீள்கிறான். எதற்காக? தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு போவதற்காக. காப்பாற்றும்போது வயசு சுருங்குகிறது, பிடுங்கும்போது நீள்கிறது. வயது என்பது எண் இல்லை, அதிகாரம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மதுரையில் ஒரு பையன் 1920-ல் தேங்காய் திருடினான் என்று வைத்துக்கொள்வோம். அவன் பிறந்த தெருவைப் பொறுத்து அவனுக்கு முன்னால் இரண்டு கதவுகள். ஒரு கதவுக்குப் பின்னால், இவன் குழந்தை, திருத்தலாம் என்கிற சட்டம். இன்னொரு கதவுக்குப் பின்னால், இவன் பரம்பரை, திருந்த மாட்டான், பிரித்து வை என்கிற சட்டம். இரண்டையும் ஒரே அரசுதான் நடத்தியது.

'உன் நல்லதுக்குத்தான்'

நியாயமாகச் சொல்ல வேண்டும். கள்ளர் சீரமைப்புத் துறை என்று அந்தக் காலத்தில் தொடங்கியது வெறும் ரேகைப் பதிவோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடங்கள் திறந்தார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் 200-க்கு மேற்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் ஓடுகின்றன. அதில் படித்து ஆசிரியரானவர்கள், அதிகாரியானவர்கள் எனக்கே தெரிந்தவர்கள் உண்டு. அந்தப் பள்ளிகளை மூடாதே என்று போராடுகிறவர்களும் அந்த மக்கள்தான். தண்டனையாக வந்ததை அவர்கள் படிப்பாக மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பெருமை அவர்களுடையது, சட்டத்துடையது இல்லை.

தெலுங்குப் பக்கம் ஸ்டுவர்ட்புரம் மாதிரி இடங்களில் சால்வேஷன் ஆர்மி குடியிருப்புகளை நடத்தியது. அங்கேயும் பேச்சு முழுக்கக் கருணைதான். வேலி போட்டதும் கருணையால்தான்.

கருணைக்கும் நியாயத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-ல் ஒரு வழக்கில் உடைத்துச் சொன்னது. அரிசோனாவில் ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுப் பையன், பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஆபாசமாக போன் பண்ணினான் என்று பிடித்தார்கள். வக்கீல் இல்லை, புகார் கொடுத்தவர் விசாரணைக்கே வரவில்லை. 21 வயது வரை, அதாவது 6 வருஷம் வரை, தொழிற்பள்ளியில் வைக்கலாம் என்று உத்தரவு. அதே குற்றத்தைப் பெரியவர் செய்திருந்தால் 50 டாலர் வரை அபராதம், இல்லையென்றால் அதிகபட்சம் 2 மாதச் சிறை. நம் செங்கல்பட்டுக் கணக்கேதான்! சிறுவனுக்கும் வக்கீல் வேண்டும், புகார் என்னவென்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அன்பாக நடத்துகிறோம் என்று சொல்லி உரிமையைப் பறிக்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

பெயர்கள் மாறின

ரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் ஒழிந்தது. நாடு முழுக்க 1952-ல். ஆனால் 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று சென்னையில் வந்துவிட்டது. சாதிப் பேர் போய் 'வழக்கமான' என்ற சொல் வந்தது. ஸ்டேஷன் நோட்டுப் புத்தகம் அப்படியே இருந்தது.

சிறுவர்களுக்கான இடங்களுக்கும் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. ரிஃபார்மேட்டரி, பிறகு சர்டிஃபைட் ஸ்கூல், அப்ரூவ்ட் ஸ்கூல், அப்புறம் கூர்நோக்கு இல்லம், சிறப்பு இல்லம். ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் நல்ல எண்ணம் இருந்தது. சுவர் மட்டும் அதே சுவர்.

உண்மையான அசைவு 1980-களில் வந்தது. ஷீலா பர்சே என்ற பத்திரிகையாளர், நாட்டின் சிறைகளில் 16 வயதுக்குக் கீழான குழந்தைகள் அடைபட்டுக் கிடப்பதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1986-ல் நீதிமன்றம், குழந்தைகளைச் சிறையில் வைக்கவே கூடாது, மாநிலத்துக்கு ஒரு சட்டம் என்றில்லாமல் நாடு முழுக்க ஒரே சட்டம் வேண்டும் என்றது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் சிறார் நீதிச் சட்டம் கொண்டுவந்தது. நம் 1920-ம் ஆண்டுச் சட்டம் ஒதுங்கிக்கொண்டது. ஆனால் புதுச் சட்டத்திலும் ஒரு கோணல். பெண்ணுக்கு 18 வரை, பையனுக்கு 16 வரை மட்டும்.

ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-ல் சேர்ந்தது. அதன் தொடர்ச்சியாக 2000-ம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் 18 என்று ஆக்கியது. 'சிறார் குற்றவாளி' என்ற சொல் போய், சட்டத்துடன் முரண்பட்டவர் என்று வந்தது. சிலர் இதைக் கேலி செய்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'குற்றவாளி' என்பது ஆளின் பெயர். 'முரண்பட்டவர்' என்பது ஒரு நிலை. நிலை மாறும்.

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. வயதை எந்தத் தேதியில் கணக்கிடுவது? சம்பவம் நடந்த அன்றா, கோர்ட்டில் நிறுத்திய அன்றா? வழக்கு இழுத்துக்கொண்டே போனால் பையன் பெரியவனாகிவிடுவானே! 2005-ல் உச்ச நீதிமன்றமும் 2006-ல் வந்த திருத்தமும் சம்பவம் நடந்த அன்றைய வயதுதான் என்று உறுதியாக்கின. இந்தக் கோரிக்கையை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், இறுதித் தீர்ப்புக்குப் பிறகும்கூட என்றும் ஆனது.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு வழக்கு. 1994-ல் புனேயில் 7 பேர் கொல்லப்பட்ட வழக்கில் ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவருக்குத் தூக்குத் தண்டனை. 28 வருஷத்துக்கு மேல் சிறை. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. சம்பவத்தின்போது அவருக்கு 12 வயது 6 மாதம் என்று பள்ளிப் பதிவேடு காட்டியது. அந்த ஒரு நோட்டுப் புத்தக வரி சரியான நாளில் சரியான மேசைக்கு வந்திருந்தால் அவர் 3 வருஷத்துக்கு மேல் அடைபட்டிருக்கவே முடியாது. செல்லூர் அக்காவின் மஞ்சப்பையை நான் இந்த வழக்கைப் படித்தபோது மறுபடி நினைத்துக்கொண்டேன்.

கோபமும் கணக்கும்

2012 டிசம்பர் டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு நாடே கொதித்தது. அதில் ஈடுபட்டவர்களில் ஒருவன் 18-க்குக் கொஞ்சம் கீழே. வயதைக் குறைக்கச் சொல்லிக் கோரிக்கை எழுந்தது. நீதிபதி வர்மா குழு குறைக்க வேண்டாம் என்றது. ஆனாலும் 2015 சட்டம் 16 முதல் 18 வரை உள்ளவர்கள் மிகக் கொடிய குற்றத்தில் சிக்கினால், குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்து பெரியவராக விசாரிக்க அனுப்பலாம் என்று கதவைத் திறந்தது. தூக்கும், விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் மட்டும் கிடையாது.

கோபத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்த பையன்களே ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதைப் படித்த அன்று என் மனசும் 'இவன்களுக்கு என்ன குழந்தைச் சலுகை?' என்றுதான் கேட்டது. வெட்டுப்பட்ட பிள்ளைகளும் குழந்தைகள்தானே. அவர்களுக்கு நியாயம் கிடைப்பது முதல் கடமை. அதே சமயம், அந்தக் கையில் அரிவாளைக் கொடுத்தது எது, யார் என்ற கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பையனை மட்டும் பெரியவனாக்கிவிட்டால், கொடுத்தவர்கள் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். அரசு அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பள்ளிகளில் சாதியைப் பற்றி ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது அதனால்தான்.

கணக்கையும் பார்க்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022-ல் நாடு முழுக்கச் சிறார் மீது பதிவான வழக்குகள் 30,555. அந்த ஆண்டின் மொத்த வழக்குகள் 58 லட்சத்துக்கும் மேல். அதாவது இருநூறில் ஒன்று. தலைப்புச் செய்தியாவது ஒரு சில கொடூரங்கள். அன்றாடம் ஸ்டேஷனுக்குப் போவது செல்போன், பைக், அடிதடி. சட்டம் எழுதுகிறவர்கள் முதலாவதை நினைத்து எழுதுகிறார்கள். நம் தெருப் பையன்கள் இரண்டாவதில் மாட்டுகிறார்கள்.

முதல் 24 மணி நேரம்

இப்போதுள்ள சட்டத்தைத் தாளில் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். சிறுவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, ஜெயிலுக்கு அனுப்பவே கூடாது. விலங்கு கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஜாமீன் விதி, மறுப்பு விலக்கு. சின்னக் குற்றமென்றால் விசாரணை 4 மாதத்தில் முடிய வேண்டும், கூடுதலாக 2 மாதம் தரலாம், அதற்கும் முடியாவிட்டால் வழக்கே முடிந்தது. வயதுக்கு முதலில் பள்ளிச் சான்று, இல்லாவிட்டால் மாநகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. பேரோ படமோ வெளியிடக் கூடாது. முடிந்த வழக்கு பிற்காலத்தில் அவன் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

இது அத்தனையும் குழுமத்தின் கதவைத் தாண்டிய பிறகு. அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு ஸ்டேஷன் மேசை இருக்கிறது. அங்கே 'வயசு' என்ற கட்டத்தில் ஒருவர் பார்வையாலேயே எழுதுகிறார். வெயிலில் வேலை பார்த்த பிள்ளை வயதுக்கு மேல் தெரிவான். ஏ.சி. அறையில் படித்த பிள்ளை வயதுக்குக் கீழே தெரிவான். அடுத்த கட்டத்தில் 'முகவரி'. சில தெருப் பெயர்கள் எழுதும்போதே பேனா அழுத்தமாகப் பதியும்.

நான் மிகைப்படுத்துகிறேனோ என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், சரித்திரப் பதிவேடு என்கிற ஹிஸ்டரி ஷீட்டில் ஒருவரின் சின்னக் குழந்தைகளின் விவரங்களை ஆதாரம் இல்லாமல் எழுதக் கூடாது என்றது. சீர்மரபினர், பிற்படுத்தப்பட்ட, ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பதாலேயே இயந்திரம் மாதிரிப் பெயர் எழுதும் பழக்கத்தையும் கவனத்தில் கொள்ளச் சொன்னது. ரேகைச் சட்டம் ஒழிந்து 70 வருஷத்துக்கு மேலான பிறகும் இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் அந்த நோட்டு இன்னும் மூடவில்லை என்றுதானே அர்த்தம்?

இல்லத்துக்குள்ளேயும் முடிந்துவிடவில்லை. 2022-ன் கடைசி நாள், அதே செங்கல்பட்டில், அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். சின்னத் திருட்டுப் புகாரில் வந்தவன். அங்கே வேலை பார்த்தவர்கள் கைதானார்கள். அதற்குப் பிறகு இந்த இல்லங்களைச் சீர்செய்வது பற்றி ஆராய நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு அமைந்து, 2023-ல் அறிக்கை கொடுத்தது. மூன்று நூற்றாண்டுகளைத் தொட்டுவிட்ட 'செங்கல்பட்டு' என்ற மிரட்டல் வெறும் மிரட்டல் இல்லை என்பது அந்தத் தாய்க்குத்தான் தெரியும்.

ஆகவே சீர்திருத்தம் என்றால் என்னைப் பொறுத்தவரை இன்னொரு புதுச் சட்டம் இல்லை, இன்னொரு புதுப் பெயரும் இல்லை. மூன்று சின்ன விஷயங்கள். சந்தேகம் வந்தால் 'குழந்தை' என்றே எழுது, அப்புறம் சரிபார். ஸ்டேஷன் மேசைக்கே ஒரு வக்கீல் வரட்டும், கோர்ட் வரை காத்திருக்க வேண்டாம். இல்லத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியாட்கள் முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்க்கட்டும். மூன்றுமே ஏற்கெனவே உள்ள சட்டத்தின் மூச்சில் இருப்பவைதான்.

அந்தப் பையன்

சொன்னபடி மகன் கதை. அன்று காலை டி.சி.யை எடுத்துக்கொண்டு இலவசச் சட்ட உதவியில் இருந்த ஒரு இளம் வக்கீலைப் பிடித்தோம். ரிமாண்டுக்குக் கொண்டுவந்த இடத்திலேயே அவர் எழுந்து வயதைச் சொன்னார். மாஜிஸ்திரேட் சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பையனை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். குழுமத்துக்கு அனுப்பச் சொன்னார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம் இருக்கும்.

வெளியே வந்து அக்கா கேட்டார்: "கூர்நோக்குன்னா என்ன தம்பி? கூர்மையா பாத்துக்கிட்டே இருப்பாகளா?"

"நல்லா பாத்துக்குவாங்கன்னு அர்த்தம்க்கா" என்றேன். அந்தப் பதிலில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை.

மூன்று வாரத்தில் ஜாமீனில் வந்தான். கொஞ்ச நாள் யாரிடமும் பேசவில்லை. சில மாதத்தில் எச்சரிக்கையோடும் ஆலோசனையோடும் வழக்கு முடிந்தது. இப்போது பாவு ஓட்டுகிறான், கல்யாணம் ஆகிவிட்டது. போன மாசம் கண்மாய்க் கரையில் பார்த்தேன். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க மாநகராட்சி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"பொறந்து பத்து நாள்தானடா ஆச்சு, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றேன்.

"இல்லண்ணே, அது முக்கியம்ல" என்றான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.